அரைக் குளிசையின் கணக்கு

(வெள்ளவத்தையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு விஞ்ஞான ஆசிரியையின் நினைவாக அமைந்தது. கொட்டாஞ்சேனையில் பல வருடங்கள் உயிரியல் படிப்பித்தவர். அவரிடம் படிக்கும் பாக்கியம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அவரிடம் படித்து வைத்தியர்களான சிலர் எழுதிய மருந்துத் துண்டுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அந்த உரிமையில்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன், மருந்தாளன். குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் குளிசை எண்ணிக் கொடுத்தே என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்தது. இன்று பேசப்போவதும் ஒரு குளிசையைப் பற்றித்தான். பெயர் மேர்கப்டோபியூரின். 50 மில்லிகிராம். வெளிர் மஞ்சள் நிறம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பிளேடு வைத்து அழுத்தினால் இரண்டாகும். இன்னொரு முறை வெட்டினால் கால் குளிசை வரவேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் தூளும் வரும்.

இந்த மேசையில் நான் வைத்திருக்கும் கொப்பியைப் பாருங்கள். 80 பக்கம், ஒற்றைக்கோடு. 2014க்கு முந்திய காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் தன் ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வருவார். பிள்ளைக்குக் கடுமையான நிணநீர்க்கலக் குருதிப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய்களில் மிக அதிகமானது அதுதான். முதல் மாதச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. நோய் அடங்கியது. பிறகு வருவது நீண்ட பராமரிப்புக் காலம்: தினமும் இரவில் மேர்கப்டோபியூரின், கிழமைக்கு ஒருமுறை மெதோட்ரெக்சேற். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல்.

அந்தப் பிள்ளைக்கு அந்தக் காலம் தொடங்கியதுமே சிக்கல். ஒவ்வொரு தடவையும் வெண்குழியங்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். காய்ச்சல் வரும், வாட்டில் படுக்கும், மருந்தை நிறுத்துவோம். இரண்டு கிழமையில் குருதி தேறும். பாதி அளவில் தொடங்குவோம். திரும்பவும் இறங்கும். மூன்றாம் முறை நான் அந்தத் தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "அம்மா, கைதவறி ஒருநாளைக்கு ரெண்டு தரம் குடுத்திட்டீங்களோ? நாட்டு மருந்து ஏதும் சேர்த்துக் குடுக்கிறீங்களோ?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "சேர், நீங்க எழுதித் தந்த மாதிரியேதான் குடுத்தேன்" என்றார். பிறகு, "முளைச்ச முடி திரும்பவும் கொட்டுது சேர். தலகாணி முழுக்க முடி" என்றார். பராமரிப்புக் காலத்தில் முடி வளர்வதுதான் வழக்கம். அது கொட்டுவதென்றால் ஏதோ பிழை இருக்கிறது. அந்தத் தாய் கண்டு சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு இந்தக் கொப்பியோடு வந்தார். ஒவ்வொரு இரவும் ஒரு வரி. திகதி, நேரம், எத்தனை குளிசை. வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. யாருடையது என்று கேட்டேன். "மகளுட சேர். அவ சாட்சி" என்றார். எட்டு வயது அக்கா. தம்பிக்கு அம்மா மருந்து சரியாகக் கொடுத்தார் என்பதற்கு எட்டு வயதுப் பிள்ளை தினமும் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறது. என் சந்தேகம் அந்த வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை அன்று கண்டேன்.

அந்தத் தாயிடம் பிழை இருக்கவில்லை. வைத்தியர்களிடமும் இருக்கவில்லை, ஏனென்றால் அன்று உலகத்திலேயே யாருக்கும் தெரியாது. அதைப் பிறகு எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதே இன்றைய பேச்சு.

இந்த நோயில் இரண்டு வகைப் பரம்பரையலகு மாற்றங்களைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, புற்றுநோய்க் கலத்தில் மட்டும் புதிதாக ஏற்பட்டது. அது வயலில் வந்த நோய். மற்றது, பிள்ளை தாய் தகப்பனிடம் பெற்று வந்தது, அதன் ஒவ்வொரு கலத்திலும் இருப்பது. அது விதைநெல்லிலேயே இருந்தது. நீண்ட காலம் ஆராய்ச்சி முழுவதும் வயலைத்தான் பார்த்தது. நோய் எவ்வளவு மூர்க்கமானது, திரும்பி வருமா என்பதைப் புற்றுநோய்க் கலத்தை வைத்தே கணித்தார்கள். அது சரியான வழிதான். ஆனால் மருந்து போவது நோய்க்கு மட்டுமா? ஈரல், குடல், என்பு மச்சை எல்லாவற்றுக்கும் போகிறது. அவையெல்லாம் விதைநெல்லின் சொற்படி நடப்பவை.

குளிசையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1930ஐ ஒட்டிய வருடங்களில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் குருதிச்சோகைக்கு மார்மைற் கொடுத்துக் குணம் கண்டார். வெள்ளவத்தைச் சமையலறைகளில் பாணுக்குப் பூசுகிறோமே, அதே மார்மைற்தான். அதிலிருந்த பொருள்தான் பின்னால் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தில், போலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார். அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருளும் அவருடைய குழுவிலிருந்தே வந்தது. பொஸ்ரனில் சிட்னி பார்பர் அதைக் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து 1948இல் முடிவை வெளியிட்டார்: 16 பிள்ளைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் குணம் தெரிந்தது. அதற்கு முன் இந்த நோய்க்கு ஒன்றுமே இருக்கவில்லை. சுப்பாராவ் அதே வருடம் காலமானார். மெதோட்ரெக்சேற் அந்த எதிர்ப்பொருளின் குடும்பத்து மருந்து. மேர்கப்டோபியூரினை உண்டாக்கியவர் ஜேர்ட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிற்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்து. 1953இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1988இல் இருவருக்கும் நொபெல் பரிசு. எழுபது வருடம் கழிந்தும் பராமரிப்புச் சிகிச்சையின் இரண்டு தூண்களும் இவைதான். இன்று செல்வந்த நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் பிழைக்கிறார்கள் என்றால் அதில் இந்தப் பழைய குளிசைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி அளவுக்கு வருவோம். உடலின் மேற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 75 மில்லிகிராம் என்பது பரவலாகக் கையாளும் தொடக்க அளவு. ஐந்து வயதுப் பிள்ளையின் மேற்பரப்பு சுமார் 0.7 சதுர மீற்றர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு குளிசை. இந்த அளவு பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உடம்பில் பார்த்து நிலைப்படுத்தியது. ஊரான் உடம்புக்கு எடுத்த அளவில் தைத்த சட்டை பலருக்குப் பொருந்தும். சிலருக்குக் கழுத்தை இறுக்கும்.

கழுத்தை இறுக்குவது யாருக்கு என்ற கேள்விக்கு முதல் விடை 1980இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் கிடைத்தது. வைன்ஷில்பூம், ஸ்லாடெக் என்ற இருவர் 298 பேரின் செங்குழியங்களில் ரீபிஎம்ரீ என்ற நொதியத்தை அளந்தார்கள். இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் அது. பத்தில் ஒன்பது பேர் அளவில் நிறைய இருந்தது, பத்தில் ஒருவருக்குப் பாதி, 300இல் ஒருவருக்கு இல்லவே இல்லை. அந்த ஒருவருக்கு முழு அளவு கொடுத்தால் என்பு மச்சை வற்றிப்போகும். மேலைநாடுகளில் இந்தச் சோதனை வழக்கத்துக்கு வந்தது. ஆனால் நம் பகுதியில் ரீபிஎம்ரீ மாற்றங்கள் அங்கிருப்பதைவிடக் குறைவு. சோதித்தால் "சரியாக இருக்கிறது" என்று வரும். பிள்ளையின் குருதியோ இறங்கிக்கொண்டே இருக்கும். ஆசிய நாட்டு வைத்தியர்கள் பல வருடம் இந்தப் புதிரோடுதான் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

புதிர் அவிழ்ந்தது தென் கொரியாவில், 2014இல். அதுவும் புற்றுநோயில் அல்ல, குரோன் என்ற குடல் நோயில். அந்த நோயாளிகள் இதே குடும்பத்து மருந்தான அசதயோபிரின் எடுப்பார்கள். அதில் வெண்குழியம் விழுந்தவர்களின் பரம்பரையலகுகளைத் தேடியபோது என்யூடிரீ15 என்ற ஒன்று அகப்பட்டது. 13ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது. மேர்கப்டோபியூரின் உடம்புக்குள் உருமாறி, கடைசியில் டிஎன்ஏயின் ஓர் எழுத்தைப் போல வேடம் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைகிறது. கலம் பிரியும்போது சிக்கிச் சாகிறது. என்யூடிரீ15 அந்த வேடதாரியை வாசலில் வைத்தே பிடித்து உரிக்கிற காவலாளி. அந்தக் காவலாளியின் புரதத்தில் 139ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்ரின் இருந்தால் காவல் தளர்ந்துவிடும். அப்போது நல்ல கலங்களும் கூட்டமாகச் சாகும். இரண்டு பிரதியும் அப்படி உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய சில கிழமைகளில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதையும் கண்டார்கள்.

அதை வாசித்தபோது எனக்குத் தலையணை ஞாபகம் வந்தது.

அடுத்த வருடமே குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் பார்த்தார்கள். மாற்றம் இல்லாத பிள்ளைகள் நிர்ணயித்த அளவில் சராசரியாக 83.5 வீதத்தைத் தாங்கினார்கள். ஒரு பிரதியில் மாற்றம் உள்ளவர்கள் 63 வீதம். இரண்டு பிரதியிலும் உள்ளவர்கள் 8.3 வீதம். எண்பதுக்குப் பக்கத்தில் எட்டு! 2016இல் குவாத்தமாலா, சிங்கப்பூர், ஜப்பான் பிள்ளைகளிடமும் பார்த்து இந்தப் பரம்பரையலகின் வேறு மாற்றங்களையும் கண்டார்கள். இப்போதைய சர்வதேச வழிகாட்டல், இரண்டு பிரதியும் பழுதானவருக்குச் சதுர மீற்றருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது. நம் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 7 மில்லிகிராம். அதாவது ஒரு கிழமைக்கு ஒரே ஒரு குளிசை. மற்றப் பிள்ளை ஒரே இரவில் விழுங்குவதை இந்தப் பிள்ளைக்கு ஏழு இரவுக்குப் பங்கிட வேண்டும். நாங்கள் பாதியாக்கினோம், காலாக்கினோம். கால் குளிசை தினமும் என்பதே அதற்கு அதிகம்.

இந்த மாற்றம் நம்மவரில் எவ்வளவு? கிழக்காசியரில் நூறு பிரதிக்குப் பத்து அளவில், தெற்காசியரில் ஏழு அளவில், ஐரோப்பியரில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

இங்கே தமிழர்களாகிய நாம் அறியவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. '1000 மரபுத்தொகுதி' என்ற சர்வதேசத் திட்டம் 2015இல் நிறைவு அறிக்கையை வெளியிட்டது. உலகின் 26 மக்கட்கூட்டங்கள், 2504 பேர். அந்த 26இல் ஒன்றின் பெயர் 'ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்'. 102 பேர். தெற்காசியர் மொத்தம் 489 பேரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நம்மவர். உலகின் எந்த மூலையிலும் ஓர் ஆய்வாளர் "இந்த மாற்றம் தெற்காசியரில் எத்தனை வீதம்" என்று தேடும்போது அந்த 102 பேரின் குருதியும் பதில் சொல்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை. இந்த ஒழுங்கைகளில் ஓடி விளையாடிவிட்டுப் பின்னால் லண்டன் போனவர்கள் அவர்களில் இருக்கக்கூடும். ஊரை விட்டுப் போனவர்கள் கொடுத்த குருதி ஊரிலுள்ள பிள்ளைக்கு வழிகாட்டுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகும் இலங்கையரின் தரவுகளைத் திரட்டி, புற்றுநோய் மருந்துகளைப் பாதிக்கும் மாற்றங்கள் நம் நாட்டில் எவ்வளவு என்று ஆய்ந்து வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டுக் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் காலம் போய்விட்டது.

தெற்காசியரில் நூறு பிரதிக்கு ஏழு என்பதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு பிரதி உள்ளவர் எட்டுப் பேருக்கு ஒருவர் அளவில் வருவார். இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். ஒரு கெடுதியும் இல்லை, இந்த மருந்து எடுக்கும் நாள் வந்தாலொழிய அது இருப்பதே தெரியாது. இரண்டு பிரதியும் உள்ளவர் 200 பேருக்கு ஒருவர். இதோடு நம் வழக்கத்தையும் சேருங்கள். மாமன் மகள், மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையே உரிமையாகவே இருந்தது. நேரடி மச்சான் மச்சாளுக்குப் பிறந்த பிள்ளைக்கு அதே கணக்கைப் போட்டால் 200 என்பது சுமார் 110 ஆகிறது. வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. சொந்தத்தில் கலியாணம் கட்டியவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. என் தாய் தகப்பனும் சொந்தம்தான். பிள்ளையின் குறிப்பேட்டில் "தாயும் தகப்பனும் சொந்தமா" என்ற ஒரு வரி இருக்குமானால் அது மருந்தின் அளவுக்கும் உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பரம்பரை என்ற சொல்லை உச்சரித்ததுமே குடும்பங்களுக்குள் ஒரு கேள்வி எழும். தாய் வழியா, தகப்பன் வழியா? எத்தனையோ மருமக்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றதைக் கண்டிருக்கிறேன். விடை தெளிவானது. என்யூடிரீ15 மாற்றம் குருதிப் புற்றுநோயை வரவழைப்பதில்லை. மருந்தைக் கையாளும் விதத்தைத்தான் மாற்றுகிறது. இரண்டு பிரதி இருந்தால் தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, சமமாகத் தந்தது. நோய் வரும் வாய்ப்பைச் சற்றே கூட்டும் பரம்பரையலகுகளும் உண்டு. ஏஆர்ஐடி5பி, ஐகேஇசட்எஃப்1 என்று சிலவற்றை 2009இல் கண்டார்கள். அவையும் மிகச் சிறிய ஆபத்தைத்தான் கொஞ்சம் கூட்டுகின்றன. அவற்றை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

நோய் திரும்பி வருவதிலும் வம்சாவளிக்குப் பங்கு உண்டா? உண்டு. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பூர்வகுடி அமெரிக்க வம்சாவளி பத்து வீதத்துக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். கேட்டதும் மனம் சோர்கிறது அல்லவா? ஆனால் அதே ஆய்வின் மறுபாதியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு கட்டச் சிகிச்சையைக் கூடுதலாகக் கொடுத்த பிள்ளைகளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பின்னால் காட்டா3 என்ற பரம்பரையலகின் மாற்றம் நோயின் ஒரு மூர்க்கமான வகையோடும் அது திரும்புவதோடும் தொடர்புடையது என்றும் தெரிந்தது. பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட குருதிப் புற்றுநோயில், இமற்றினிப் என்ற அற்புதமான மருந்து சில கிழக்காசியருக்கு ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்று சிங்கப்பூரில் தேடினார்கள். 2012இல் பிம் என்ற பரம்பரையலகில் ஒரு துண்டு பரம்பரையாகவே இல்லாதிருப்பதைக் கண்டார்கள்.

நம் தீவுக்கு நெருக்கமான இன்னொன்று, ஜீ6பிடி என்ற செங்குழிய நொதியத்தின் பரம்பரைக் குறைபாடு. மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில் தங்கிப்போன சொத்து அது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. நுளம்பு கொண்டுவந்த நோய் போய்விட்டது, குருதியில் அது விட்டுப்போன தடம் போகவில்லை. சிகிச்சையின் முதல் நாட்களில் புற்றுநோய்க் கலங்கள் மொத்தமாக உடையும்போது யூரிக் அமிலம் ஏறும். அதை இறக்க றஸ்பூரிகேஸ் என்ற மருந்து இருக்கிறது. ஜீ6பிடி குறைந்த பிள்ளைக்கு அதை ஏற்றினால் செங்குழியங்கள் உடையும். அந்த மருந்தைக் கையில் எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது.

என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையிலும் கவனம் வேண்டும். சகோதரனோ சகோதரியோதான் முதல் தெரிவு. ஆனால் ஆர்யூஎன்எக்ஸ்1 போன்ற சில பரம்பரையலகுகள் பழுதான குடும்பங்களில் குருதிச் சிறுதட்டுக் குறைவும் குருதிப் புற்றுநோயும் தலைமுறை தலைமுறையாக வரும். அப்படிப்பட்ட வீட்டில், சுகமாயிருக்கும் அண்ணனின் மச்சையிலும் அதே பழுது இருக்கலாம். வீட்டில் வேறு யாருக்கும் குருதி நோய் இருந்ததா என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வி அல்ல. பெரியம்மா, சித்தப்பா வரை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். குருதிப் புற்றுநோய்க்கு மேர்கப்டோபியூரின் தொடங்கவிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் குளிசைக்கு முன்பே என்யூடிரீ15, ரீபிஎம்ரீ இரண்டையும் பார்க்க வேண்டும். அவகாசம் இல்லை என்று சொல்ல முடியாது. நோய் கண்ட நாளிலிருந்து இந்தக் குளிசை தொடங்க ஒரு மாதமளவு இருக்கிறது. நொதியத்தை அளந்தால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி குருதி ஏற்றுகிறோம், அளக்கும்போது வருவது பிள்ளையின் நொதியமா, குருதி கொடுத்தவரின் நொதியமா என்று தெரியாது. பரம்பரையலகையே பார்ப்பதுதான் நம்பகமானது. ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும், அது மாறப்போவதில்லை. இந்த மாற்றம் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பார்ப்பதும் இல்லை. தீவு முழுவதற்கும் பொதுவான தேவை இது.

இதில் ஓர் அவசரம் நேர்ந்துவிடக் கூடாது. "நம்மவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று நினைத்து எல்லாருக்கும் அளவைக் குறைப்பது பெரிய தீங்கு. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு இந்த மாற்றம் இல்லை. அவர்களுக்கு மருந்து குறைந்தால் நோய் திரும்பும். வெண்குழியம் இறங்காமலே இருக்கும் பிள்ளைக்கு அளவை ஏற்றவும் வேண்டியிருக்கும். பெற்றோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை சுகமாகத் திரிகிறது என்று குளிசையை இரண்டு நாள் விட்டுப் பார்க்காதீர்கள். வைத்தியர் சொல்லாமல் வெட்டவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

கொப்பிக்குத் திரும்புகிறேன். அந்தப் பிள்ளையின் வைத்தியர் பொறுமைசாலி. புத்தகத்தில் இல்லாத அளவுக்கு இறங்கினார். கடைசியில் கிழமைக்கு மூன்று இரவு, கால் குளிசை என்ற இடத்தில் குருதி நிலைத்தது. அந்த அளவிலேயே சிகிச்சை முடிந்தது. நோய் திரும்பவில்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வைத்த நேர்த்தி என்று தாய் சொன்னார். நான் தலையாட்டினேன். கடைசி நாளில் இந்தக் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, "இனி இது வேணாம் சேர்" என்றார். அந்தப் பிள்ளைக்கு என்யூடிரீ15 பார்க்கப்படவில்லை, அன்று இந்த மருந்தோடு அதை யாரும் தொடர்புபடுத்தியிருக்கவில்லை. ஆனால் முடியும், குருதியும், கடைசியில் நிலைத்த அளவும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

அந்த அக்கா இப்போது வளர்ந்த பெண்ணாக இருப்பார். தம்பிக்கு இரண்டு பிரதி இருந்திருந்தால் அக்காவுக்கும் இரண்டும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நாளை அவருக்கு மூட்டு நோய்க்கோ குடல் நோய்க்கோ யாராவது அசதயோபிரின் எழுதலாம். எழுதுகிற வைத்தியருக்கும் எண்ணிக் கொடுக்கிற மருந்தாளருக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அவரோ, அவரை அறிந்தவர்களோ இந்த உரையை எங்காவது வாசித்தால், குளிசையை வாயில் போடும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.